எனக்கு எப்படின்னாலும் சரி

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நீ 'உம்', 'சரி' என்று இரண்டே வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறாய். நான் பாட்டுக்கு மூச்சுவிடாமல் பேசி வைத்த பிறகுதான், நீ ஒன்றுமே சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கிறது. அதனால் இனிமேல் கடிதம். இங்கிலீஷ் பாடமும் எழுத்தில் இருந்தால்தானே நீ திரும்பத் திரும்பப் படிக்க முடியும்?

உன் விசாவுக்கான காகிதங்களை எல்லாம் என் வீட்டுக்காரர் அனுப்பிவிட்டார். ஏப்ரலில் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். பயப்படாதே. அந்த ஆபீசர் உனக்கு இலக்கணப் பரீட்சை வைக்கப் போவதில்லை. உங்களுக்கு என்ன பிடிக்கும், எப்படிப் பொழுது போகிறது, அங்கே போய் என்ன பார்க்க ஆசை என்று சும்மா பேச்சுக் கொடுப்பார்கள். அதற்கு நீ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி 'ஐ லைக், ஐ டோன்ட் லைக்' என்று ஒப்பிக்கக் கூடாது. நான் வந்த புதிதில் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஆபீசில் ஒருத்தி, வாரக் கடைசியில் எல்லாரும் பூங்காவில் ஓடப் போகிறோம், நீயும் வாயேன் என்றாள். 'ஐ டோன்ட் லைக் ரன்னிங்' என்றேன். பாவம், அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. இங்கே அதை 'ரன்னிங் இஸ் நாட் மை கப் ஆஃப் டீ' என்று சொல்ல வேண்டுமாம். டீக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'குறை உங்ககிட்டயும் இல்ல, ஓட்டத்துலயும் இல்ல, எனக்குத்தான் ஒத்துவராது' என்று அர்த்தம். யார் மனசும் நோகாது.

அடுத்தது, 'ஐ டோன்ட் மைண்ட்'. காபியா டீயா, ஜன்னலைத் திறக்கட்டுமா மூடட்டுமா என்று யாராவது கேட்டால், 'எனக்கு எப்படின்னாலும் சரி' என்று சொல்வதற்கு. இது உனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பிறந்ததிலிருந்து நீ தமிழில் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாய்!

என் பயலுக்கு இரண்டு வயது முடியப் போகிறது. ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறான். அடுத்த குழந்தை ஜூனில். அம்மா போன பிறகு நீ தனியாகக் கிடக்கிறாய் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. உனக்கு அங்கே என்ன இருக்கிறது, சொல்லு? நாலு சுவர், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. இங்கே வந்தால் குழந்தைகளோடு கலகலவென்று இருப்பாய்.

பாடத்தைப் படித்துவிட்டுப் பதில் போடு.

உன் சின்னவள்

*

ஜனவரி 31

சின்னவளே,

பாடம் வந்தது. படித்தேன். படித்ததோடு நிற்காமல் கடையிலும் எடுத்துவிட்டேன். ஒரு கல்லூரிப் பையன் சிவப்பு ஃபிரேமை மாட்டிக்கொண்டு, "எப்படியிருக்கு அக்கா, உண்மையைச் சொல்லுங்க" என்றான். 'நாட் மை கப் ஆஃப் டீ' என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தான். அப்புறம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, கறுப்பு ஃபிரேமை வாங்கிக்கொண்டு போனான். முதலாளியம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "உனக்கு இதெல்லாம் எப்பத்திலிருந்து?" என்றார். எனக்கும் வெளிநாட்டில் ஒரு டீச்சர் இருக்கிறாள் என்றேன்.

நாலு சுவர் என்று எழுதியிருந்தாய். அந்த நாலு சுவருக்கும் போன மாதம் வெளிர்பச்சை அடித்தேன். அம்மாவின் கட்டிலை எடுத்துவிட்டு, ஜன்னலோரம் ஒரு மேசை போட்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் படுக்கும் அறையில் மருந்து வாடை இல்லை. உனக்கு இது ஒரு விஷயமாகத் தெரியாது. எனக்குக் காலையில் கண் விழிக்கும்போதெல்லாம் தெரிகிறது.

கடையில் கண் சோதிக்கிற தம்பி வேறு ஊருக்கு மாறிப் போகிறார். இப்போது அவருக்கு லென்ஸ் எடுத்துக் கொடுப்பது நான்தான். கூட்டம் என்றால், அவர் மேற்பார்வையில் நானும் சோதிப்பேன். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கண் படிப்பை நீ விட்ட இடத்துலேருந்து புடிச்சிடேன். இப்ப சாயங்கால வகுப்பு ஆரம்பிச்சிருக்காங்க. முடிச்சிட்டேன்னா இந்த ரூம் உனக்குத்தான்" என்றார். சும்மா உன் காதில் போட்டுவைக்கிறேன்.

ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். 'இது எனக்குன்னே வந்தது, இத்தனை நாளா இதைத்தான் நினைச்சிட்டிருந்தேன்' என்று ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்வதற்கு என்ன வார்த்தை?

பயலுக்கு முத்தம்.

அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

அந்த வார்த்தை 'ரைட் அப் மை ஸ்ட்ரீட்'. நம் தெருவிலேயே, நம் வாசலுக்கே வந்து நிற்கிற மாதிரி அத்தனை பொருத்தம் என்று வைத்துக்கொள். நீ கேட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நேர்காணலில் இதைச் சொல்லவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், 'ட்ராவல் இஸ் ரைட் அப் மை ஸ்ட்ரீட்' என்று சிரித்துக்கொண்டே சொல்லு. பயணம் என்றால் எனக்கு உயிர் என்று அர்த்தம். தப்பித் தவறிக்கூடக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று வாயை விட்டுவிடாதே. அதை வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான்.

அப்புறம், 'இட் க்ரோஸ் ஆன் யூ'. முதலில் பிடிக்காது, போகப் போகப் பிடித்துவிடும் என்று அர்த்தம். இந்தக் குளிரும் அப்படித்தான். உனக்கும் பழகிவிடும்.

உன் அறை தயார். பயலின் அறைக்குப் பக்கத்து அறைதான். நடுக்கதவை இவர் எடுத்துவிட்டார், அவன் சிணுங்கினால் உனக்குக் கேட்க வேண்டுமே. அவனைப் பகலில் விடுகிற காப்பகத்தில், மே மாதத்தோடு இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது.

படிப்பு என்று ஏதோ எழுதியிருந்தாய். இந்த வயதில் புத்தகமும் கையுமாகப் பஸ் ஏறி ஏன் அல்லாட வேண்டும்? ஓய்வாக இரு அக்கா. போதும் நீ பட்டது.

உன் சின்னவள்

*

மார்ச் 1

சின்னவளே,

எனக்குப் பயணம் என்றால் உயிராமே! அடியம்மா! வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. இதைவிட அதிகமாக நான் எங்கே போயிருக்கிறேன் என்று நீயே சொல்லு. சுற்றிப் பார்க்க வந்தவள் பால் புட்டி கழுவுவாளா? கதவில்லாத அறையில், பிள்ளை எப்போது அழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாளா? 'ஓய்வாக இரு' என்று நீ எழுதியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

உன் இரண்டு கடிதங்களையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தையைத் தேடினேன். 'வருகிறாயா?' எங்கேயும் இல்லை. 'உன் அறை தயார்' இருக்கிறது. 'வந்தால்' இருக்கிறது. என்ன பிடிக்கும், எது பிடிக்காது என்று ஊரான் கேட்டால் நான் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நீ மட்டும் கேட்கவில்லை.

அம்மா விழுந்த அன்றைக்கு நீ போன் செய்தது நினைவிருக்கிறதா? எனக்கு அந்தக் கண் படிப்பில் இடம் கிடைத்து, பணம் கட்டி, பை வாங்கி, புதன்கிழமை வகுப்பு. உனக்கு விசா வந்திருந்தது. "நீ பாத்துக்கறியா அக்கா, இல்ல நான் போறதை விட்டுடட்டுமா?" என்றாய். "எனக்கு எப்படின்னாலும் சரி" என்றேன். "அப்ப சரி"ன்னு நீ போனை வைத்துவிட்டாய். அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டாய். அம்மா கண்ணை மூடும்வரை நான்தான்.

கடையில் நாங்கள் எப்படிச் சோதிப்போம் தெரியுமா? கைப்பிடி வைத்த குட்டி லென்ஸ் ஒன்றைக் கண் முன்னால் பிடித்து, 'இதுவா தெளிவு?' என்போம். அப்படியே திருப்பிப் போட்டு, 'அதுவா?' என்போம். பாதிப் பேர், 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார்கள். கூச்சத்தில் சொல்வார்கள், பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறார்களே என்று சொல்வார்கள், எதையாவது சொல்லித் தப்பித்தால் போதும் என்று சொல்வார்கள். முதல் தடவை சொன்னதை யாரும் எழுத மாட்டோம். திருப்பிப் போட்டு இன்னொரு தரம் கேட்போம். முன்பின் தெரியாத ஆளுக்கே அப்படி. நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதாடி?

மறுபடியும் இடம் கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் வகுப்பு. அதுதான் என் வாசலுக்கு வந்து நிற்கிறது.

அடுத்த பாடத்தில், யார் முகமும் தொங்கிப்போகாமல் 'வேண்டாம்' என்று சொல்வது எப்படி என்று எழுது.

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பிறகு குப்பைத்தொட்டியிலிருந்து பொறுக்கி மறுபடி படித்தேன். அவ்வளவு வெட்கம் கெட்டுப்போய் இருக்கிறேன்.

நீ சொன்னதைத்தானே நான் நம்பினேன்? சொல்லாததை எப்படி நம்புவது? மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைச் சொன்னது நீ. இத்தனை வருஷம் கழித்து என் பேரில் வழக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்? நீயாகவே தியாகி வேஷம் கட்டிக்கொண்டாய். யாரும் கட்டிவிடவில்லை. சின்ன வயதிலேயும் இப்படித்தான். பெரிய துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். தொண்டையில் இறங்குமா அது? ஒரு நாளாவது 'எனக்கு இது வேணும்' என்று பிடுங்கியிருந்தால், நானும் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன்.

திருப்பிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ 'வா' என்றிருந்தால் நான் விசாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பேனா? அதுவும் தெரியாது. இதைப் பற்றி இனிமேல் எழுதாதே.

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியுமா? டாக்டர் எழுந்து நடமாடவே கூடாது என்கிறார். இவருக்கு ராத்திரி வேலை. பயல் என் வயிற்றின்மேல் ஏறிக் குதிக்கிறான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் அக்கா? யாரிடம் போய் நிற்பேன்?

நேர்காணல் கடிதம் உனக்கு வந்திருக்கும். டிக்கெட்டும் எடுத்துவிட்டோம்.

நீ கேட்ட பாடம். பக்கத்து வீட்டம்மா பொழுது விடிந்தால் கதவைத் தட்டி எதற்காவது கூப்பிடுவாள், இங்கே வந்தால் உனக்கும் உதவும். 'ஐ வுட் ராதர் நாட்.' வேண்டாமே, எனக்கு அவ்வளவாக விருப்பமில்லை என்று பணிவாகச் சொல்வது. அதைச் சொல்லிவிட்டால் இந்த ஊரில் மேற்கொண்டு ஒருத்தரும் காரணம் கேட்க மாட்டார்கள். அதற்கு எதிராளி சொல்வது 'சூட் யுவர்செல்ஃப்'. 'உன் இஷ்டம், எக்கேடோ கெட்டுப் போ' என்று நாம் சொல்கிற அதே குரலில் சொல்வார்கள்.

சின்னவள்

*

மார்ச் 25

சின்னவளே,

நடமாடாதே. டாக்டர் சொன்னபடி கேள். பயலை வயிற்றில் ஏறவிடாதே, பக்கவாட்டில் தலையணை வைத்துப் படு.

நேர்காணலுக்குப் போகிறேன். பாடங்களுக்கு நன்றி.

அக்கா

*

ஏப்ரல் 5

என் அருமை அக்கா,

வயிற்றில் பால் வார்த்தாய். கடிதத்தை இவரிடம் காட்டினேன். "நான்தான் சொன்னேனே, உங்கக்கா கடைசியில சரின்னுடுவாங்க" என்றார். கோபத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீயும்தான் என்னை நாலு வார்த்தை சொன்னாய், கணக்குச் சரியாகப் போகட்டும்.

உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன். நீலப்பூ. உனக்கு நீலம் பிடிக்கும்தானே? பயல் உன் போட்டோவைப் பார்த்துப் 'பெம்மா' என்கிறான். பெரியம்மா என்று சொல்ல நாக்கு புரளவில்லை. நீ வந்த பிறகு நாம் இருவரும் ஒரு வார்த்தை சண்டை போடக் கூடாது.

தைரியமாகப் போ. சிரித்த முகமாக இரு.

உன் சின்னவள்

*

ஏப்ரல் 19

சின்னவளே,

இதை உட்கார்ந்துகொண்டு படி. கையில் பயல் இருந்தால் கீழே இறக்கிவிடு.

என் முறை வந்தது. தடிமனான கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு பெண், நம் வயதுதான் இருக்கும். அவள் போட்டிருந்த கண்ணாடி மூக்கில் சரியாக உட்காராமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கையை நீட்டி, காதில் மாட்டுகிற அதன் காலைக் கொஞ்சம் வளைத்துவிட எனக்கு மனசு பரபரத்தது. ஏன் போகிறீர்கள் என்றாள். நீ சொல்லிக்கொடுத்தபடியே, 'ட்ராவல் இஸ் ரைட் அப் மை ஸ்ட்ரீட்' என்றேன். இதற்கு முன் எங்கெங்கே போயிருக்கிறீர்கள் என்றாள். கையிலிருந்த காகிதங்களைத் திருப்பி அடுக்கினேன். அதைப் பெரிதுபடுத்தாமல், தங்கை வீட்டுக்குப் போக உங்களுக்கு விருப்பம்தானே என்று கேட்டாள். 'ஐ டோன்ட் மைண்ட்' என்றேன். வேண்டுமென்றே சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது, நான் என்ன செய்ய?

அவள் முத்திரை குத்தத்தான் போனாள். சின்னவளே, கை பாதியில் நின்றது. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, பொறுமையாகக் கேட்டாள். உங்களால் முடியுமா என்று நான் கேட்கவில்லை, உங்களுக்குப் போக ஆசையா, இல்லையா?

திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டாள். யாரோ எவளோ. என் பேரைக்கூட அவளுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது.

'ஐ வுட் ராதர் நாட்' என்றேன்.

நீ எழுதியது நிஜம்தான். மேற்கொண்டு காரணமே கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைச் சந்து வழியாகத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சந்தோஷமாக வெளியே வந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ குழாயைத் திறந்துவிட்டு அழுகிற சத்தம்தான் காதில் இருந்தது. பயல் 'பெம்மா' என்கிறான் என்று நீ எழுதாமல் இருந்திருக்கலாம். உனக்கு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அன்றைக்கு யாரும் இல்லை. காப்பகத்தில் இடத்தைத் திரும்பக் கேட்டுப் பார். இவ்வளவு சீக்கிரம் வேறு ஆளுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நேர்காணலுக்குப் போகிறேன் என்றுதான் எழுதினேன், வருகிறேன் என்று எழுதவில்லை என்று சப்பைக்கட்டுக் கட்டலாம். கட்டமாட்டேன். நிஜமாகவே அன்றைக்கு எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். எல்லாரும் என் பாதி வயதுப் பிள்ளைகள். முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

நீலம் அம்மாவுக்குப் பிடிக்கும். எனக்குப் பச்சை.

அக்கா

*

ஜூன் 23

அக்கா,

பெண் குழந்தை. நாள் தவறாமல் பிறந்தது. இவருக்கு அன்றைக்கும் வேலை. பயலைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, நானே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காப்பகத்தில் இடம் போனது போனதுதான். நான் வேலையை விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டம்மா, உங்கள் அக்கா வரவில்லையா என்று கேட்டாள். 'இட்ஸ் நாட் ஹெர் கப் ஆஃப் டீ' என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பாடம் எடுத்தவள் அல்லவா.

உன் அறைக்குக் கதவைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. பழைய சாமான்களைப் போட்டுவைத்திருக்கிறோம்.

இவர் கடைக்குப் போன் செய்தபோது, நீ தவறாமல் வகுப்புக்குப் போகிறாய் என்று முதலாளியம்மா சொன்னாராம். படி. சூட் யுவர்செல்ஃப். எந்தக் குரலில் என்று உனக்குத் தெரியும்.

குழந்தைக்கு உன் நெற்றி. பார்க்கிறவர்கள் எல்லாம் யார் ஜாடை, யார் ஜாடை என்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. போட்டோ எடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா, வேண்டாமா? இந்தத் தடவை 'எப்படின்னாலும் சரி' என்று வந்தால் கிழித்துப் போட்டுவிடுவேன். திருப்பிப் போட்டுக் கேட்கவெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு தடவைதான் கேட்பேன்.

சின்னவள்

*

ஜூலை 4

சின்னவளே,

வேணும்.

அக்கா